கிட்டங்கி: கடல் கடந்த நகரத்தார் முகவர்களின் கூட்டுறைவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால் வரை, சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர், இரங்கூன் முதலிய நகரங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிக முகவர்கள் ‘கிட்டங்கி’ எனப்பட்ட பொதுக் கட்டடங்களில் ஒன்றாகத் தங்கித் தொழில் நடத்தினர். ஒரே தொழிலில் போட்டியிட்ட ஆடவர் பலர், குடும்பமின்றி, ஒரே கூரையின்கீழ், பெருந்தொகைப் பணத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எவ்வாறு இணங்கி வாழ்ந்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சாதியுறவு மட்டுமே இதற்குப் போதிய விளக்கமாகாது என்பதும், இட அமைப்பு, செலவுப் பகிர்வு, ஊர்வரை நீண்ட கண்காணிப்பு ஆகியவையே இவ்வுறைவைத் தாங்கின என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கிட்டங்கி, நகரத்தார், கூட்டுறைவு, பெட்டியடி, வேறு வைத்தல், புலம்பெயர்வு

முன்னுரை

நகரத்தாரின் வட்டித் தொழில் பற்றிய ஆய்வுகள் பல. டேவிட் வெஸ்ட் ரூட்னர் 1994இல் வெளியிட்ட நூல், சாதி அமைப்பே ஒரு வங்கி அமைப்பாக இயங்கியமையை விரிவாக எடுத்துரைக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளும் இவர்தம் வழக்கங்களைப் பதிவு செய்துள்ளன. 1929–30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இயங்கியதாகவும், அவற்றின் முதலீடு 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. ஆயினும் இக்கணக்குகளை எழுதியவர்கள் எங்கே உறங்கினர், யார் சமைத்ததை உண்டனர், பக்கத்துப் பாயில் படுத்தவரோடு எவ்வாறு பழகினர் என்னும் வினாக்கள் பொருளியல் வரலாற்றில் ஓரமாகவே நின்றுவிட்டன. முன்பின் அறியாதவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் இக்காலத்து இளைஞருக்கு முதன்மையாகத் தோன்றும் வினாக்கள் இவையே என்பதை நோக்க, இப்புறக்கணிப்பு வியப்பளிக்கிறது.

சொல்லும் இடமும்

‘கிட்டங்கி’ என்பது பண்டகசாலையைக் குறிக்கும் சொல். தமிழ்க் ‘கிடங்கு’, தெலுங்குக் ‘கிட்டங்கி’, மலாய்க் ‘கூடாங்’, ஆங்கிலக் ‘கோடவுன்’ ஆகிய யாவும் துறைமுகங்களினூடே ஒன்றையொன்று தழுவிப் பரவிய ஒரு சொற்குடும்பத்தைச் சார்ந்தவை. சங்க இலக்கியத்தில் ‘கிடங்கு’ அகழியைச் சுட்டிற்று. பொருளை வைக்கும் இடத்துக்கான பெயர் மனிதர் வாழும் இடத்துக்கு ஆகிவந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலவில்லை. கிட்டங்கியில் பணமே முதல் குடியிருப்பாளர். மனிதர் அதற்குக் காவலாக உடனுறைந்தவர்.

சிங்கப்பூரில் இவை மார்க்கெட் தெருவிலும் அதனையடுத்த பகுதியிலும் நெருங்கி நின்றன. மார்க்கெட் தெருவைத் தமிழர் ‘செட்டித் தெரு’ என்றே வழங்கினர். பினாங்கில் பினாங்குத் தெருவும், கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கும், இரங்கூனில் மொகல் தெருவும் இத்தகையனவே. கட்டடங்கள் அவ்வந்நகரின் கடைவீட்டு அமைப்பைக் கொண்டவை: முகப்பு குறுகியும் உட்புறம் நீண்டும் அமைந்தவை, பெரும்பாலும் மாடியுடையவை. கீழ்த்தளக் கூடத்தின் இருமருங்கும் சுவரோரமாக முகவர்களுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் பாய் விரித்துத் தரையில் அமர்வார். முன்னே எழுதுவதற்கும் பணம் வைப்பதற்குமான சிறிய மரப்பெட்டி. பின்னே அலமாரியும் இரும்புப் பெட்டகமும். இவற்றுக்கு இடைப்பட்ட சில அடி நிலமே ஒரு நிறுவனத்தின் அலுவலகம். இரவில் அங்கேயோ மாடியிலோ படுக்கை விரிக்கப்பட்டது. இவ்விடத்துக்குப் ‘பெட்டியடி’ என்று பெயர். தொழில் பழக வரும் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். அவனுக்கு மேல் அடுத்தாள், அவனுக்கும் மேல் மேலாள் என்னும் படிநிலை அமைந்தது. இப்பெயர்களின் புழக்கத்தை ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய புதினங்களில் காணலாம். தம் இளமையில் மேடானுக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றியவர் அவர்.

இடையே சுவரோ தட்டியோ இல்லை என்பது கருதத்தக்கது. கடன் கேட்டு வந்தவரோடு முகவர் பேசும் பேச்சு அடுத்த பெட்டியடிக்குக் கேட்கும். இதனை வறுமையின் நெருக்கடி என்றோ சிக்கனம் என்றோ மட்டும் விளக்குவது பொருந்தாது. இங்கு அமர்ந்தவர் பலர் நாட்டரசுக்கோட்டையிலும் தேவகோட்டையிலும் பெருமாளிகைகளை எழுப்பிய நிறுவனங்களின் ஆட்கள்; தனியிடம் பிடிக்க வசதியற்றவர் அல்லர். ஒளிவற்ற கூடமே அவர்களுக்குப் பாதுகாப்பாயிற்று. பெருந்தொகையோடு எவரும் தனித்திருக்க நேர்வதில்லை. ஓரிடத்தில் கடன் தவறியவர் அடுத்த பெட்டியடிக்கு நகரும்போது அவரது வரலாறு அங்கே முன்னரே சென்று சேர்ந்திருக்கும். ஒருவரது வாழ்க்கைமுறை வரவுக்கு மீறுமாயின், அதை முதலில் உணர்பவர் அருகே உறங்குபவரே.

உடனுறைபவரைத் தெரிவு செய்தல்

கிட்டங்கிவாசி தன் உடனுறைபவரைத் தானே தெரிந்தெடுத்தவன் அல்லன். நிறுவனத்துக்கு அங்கே இடம் உண்டு. முகவர் வருவார், போவார். பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. மூன்றாண்டுச் சம்பளமும், அதில் முன்கூட்டிப் பெறும் தொகையும் எழுத்தில் வரையறுக்கப்பட்டன. காலம் முடிந்தவர், புதிதாக வந்தவரிடம் பேரேட்டையும் கடனாளரையும் ஒப்புவித்துவிட்டுக் கப்பலேறுவார். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்தையும் மலாயாத் துறைமுகங்களையும் இணைத்து நெடுங்காலம் ஓடியது. அதன் வருகையோடு கிட்டங்கியின் முகங்கள் சில மாறும்.

ஆகவே, தெரிவு ஊரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒன்பது நகரக் கோயில்களுள் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தவராக ஒவ்வொரு குடும்பமும் அறியப்பட்டது. கோயிலிலிருந்து மாலை வராமல் திருமணம் முறைப்படி அமையாது. தன் பெட்டியிலோ அடுத்தவர் பெட்டியிலோ கைவைத்தவனைப் பற்றிய செய்தி அடுத்த தபாலிலேயே காரைக்குடிக்குச் சென்றுவிடும்; அவனுடைய வேலை மட்டுமன்றித் தங்கையின் திருமணமும் அதனால் தடைப்படக்கூடும். நம்பிக்கை என்று நாம் இன்று வியந்து பேசும் பண்பின் அடியில் இத்தகைய பிணை கிடந்தது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம்: ஒரே சாதியார், பங்காளியும் சம்பந்தியுமாக அமைந்தவர், ஒற்றுமையாக வாழ்ந்ததில் என்ன புதுமை? அவ்வாறு கொள்வதற்குச் சான்றுகள் இடந்தரவில்லை. விலாச எழுத்துகள் வரிசையாக நிற்கும் நிறுவனப் பெயர்களோடு நகரத்தார் ஒருவர்மேல் ஒருவர் தொடுத்த வழக்குகள் காலனிய நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் நிறைந்துள்ளன. உறவே பூசலுக்கும் வித்தாகும் என்பதைச் செட்டிநாட்டார் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவின் விளைவே அவர்தம் வீட்டமைப்பு.

ஓர் அடுப்பும் பல கணக்கும்

செட்டிநாட்டில் திருமணமான மகனை ‘வேறு வைத்தல்’ என்பது வழக்கம். வீடு ஒன்றே, வளவைச் சுற்றிய அறைகளுள் ஒன்று அவனுக்குரியது, ஆனால் சமையல் தனி. ஆண்டுக்கு இவ்வளவு என அரிசியும் செலவுத் தொகையும் வரையறுத்து அளிக்கப்படும். ‘புள்ளி’ எனக் கணக்கில் கொள்ளப்படும் அவ்விணை, பெற்றோரின் கூரைக்குக் கீழேயே தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்ளும். தர்ஸ்டன் இதனைக் குறிப்பிட்டுள்ளார். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் மோதிக்கொள்ளாதிருக்கக் கண்ட வழி என்று மேலோட்டமாகச் சொல்லலாம். நுணுகி நோக்கின், ஒன்றாக வாழ்வதற்கு எதை ஒன்றாக்குவது, எதைப் பிரித்து வைப்பது என்பதைத் தெளிவாக வரையறுத்த ஏற்பாடு அது.

கிட்டங்கியில் இவ்வேற்பாடு தலைகீழாயிற்று. அங்கே கணக்கு தனித்தனி, அடுப்பு ஒன்று. சமையலாள் ஒருவரோ சிலரோ அனைவருக்கும் சமைத்தனர். வாடகையும் சமையல் செலவும் நிறுவனங்களுக்கிடையே பகிர்ந்துகொள்ளப்பட்டன. வளவில் சொத்து பொது, சோறு தனி. கிட்டங்கியில் சோறு பொது, சொத்து தனி. இரண்டிடத்தும் கலகம் விளையக்கூடிய பொருள் எதுவோ அது கலவாது காக்கப்பட்டது. குடும்பத்தில் அது அன்றாட உணவு. வணிகத்தில் அது பணம். கிட்டங்கி கடல் கடந்த நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று என்றும், பிறந்த வீட்டிலேயே ஒவ்வொரு நகரத்தாரும் பயின்றிருந்த பிரித்துவைக்கும் கலையின் மறுவடிவம் என்றும் கருத இடமுண்டு. மரபுவழிப் பற்று என்று பொதுப்படச் சொல்வதைவிட இவ்விளக்கம் கூடுதல் பொருத்தமுடையது.

பணம் தனி என்றதும் தொடர்பின்மை என்று கொள்ளலாகாது. அன்றாடத் தேவைக்கு ஒரு நிறுவனம் மற்றொன்றிடம் கைமாற்று வாங்கும். நடப்பு வட்டி, தவணை வட்டி என்னும் விகிதங்கள் தனியொருவர் விருப்பத்துக்கு விடப்படாமல், நகரத்தார் கோயிலில் கூடி முடிவு செய்யப்பட்டன. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில், சிங்கப்பூரில் 1859இல் எழுந்த டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் ஆகியன வழிபாட்டிடமாக மட்டுமன்றி இப்பொது வாழ்வின் முற்றமாகவும் விளங்கின. நிறுவனங்கள் மகமை செலுத்தின. தைப்பூசத்தில் எல்லா விலாசங்களும் ஒரே பந்தியில் அமர்ந்தன. பகலில் ஒரே கடனாளரைத் தம்பக்கம் ஈர்க்க முயன்ற இருவர், மாலையில் ஒரே காவடிக்குப் பின்னே நடப்பதற்கும் இவ்வமைப்பில் இடமிருந்தது.

கணக்கில் வராதவர்கள்

இக்கூட்டுறைவை ஒரு நல்வாழ்வாக வரைந்து முடித்துவிட எனக்கு உடன்பாடில்லை. இவ்வாழ்வின் அமைதிக்கு விலை கொடுத்தவர் பிறர்.

முதலாவது, பெண்கள். கிட்டங்கியில் அவர்களுக்கு இடமில்லை. மூன்றாண்டு கணவன் அங்கே, மனைவி வளவில். அவன் திரும்பி வந்து சில காலம் தங்கி, மீண்டும் கப்பலேறுவான். பிள்ளைகளின் வயது இடைவெளிகூடப் பயணக் கணக்கைப் பின்பற்றியது. வேறு வைக்கப்பட்ட அடுப்பைத் தனியே காத்தவள் அவள். இரண்டாவது, பெட்டியடிப் பையன். தொழிற்கல்வி என்னும் பெயரில் அவன் எல்லார்க்கும் ஏவலாளாக இருந்தான். பத்துப் பேர் விழித்திருக்கும் கூடத்தில் கடைசியாகப் படுத்து முதலில் எழ வேண்டியவன். சமையலாளின் நிலையும் அதுவே. எல்லார்க்கும் உணவிட்ட அவருக்குப் பெட்டி இல்லை, விலாசமும் இல்லை. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் முதலாகக் கிடைக்கும் நினைவுரைகள் பெரிதும் முகவர்களாய் இருந்தோர் கூற்றுகளே.

மூன்றாவது, கூடத்துக்கு வெளியே நின்ற கடனாளர். அடுத்தடுத்த பெட்டியடிகளுக்கிடையே செய்தி தடையின்றி ஓடியது முகவர்க்குக் காப்பு. கடனாளருக்கோ போக்கிடம் அற்றுப்போதல். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்த நிலம் 1930இல் 6 விழுக்காடாக இருந்து, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை விரும்பிப் பெற்றனர் என்பதைவிட வராக் கடனுக்கு ஈடாகப் பெற்றனர் என்பதே பொருந்தும். எனினும் நிலமிழந்த உழவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதலாகாது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது குண்டு விழுந்தபின், மொகல் தெருவின் பெட்டிகளைப் பூட்டிவிட்டு வெளியேறியோரைத் தொடர்ந்த வெறுப்பின் வேர் இங்கே இருந்தது.

கூடம் கலைதல்

போருக்குப் பின் கிட்டங்கிகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொடர்ந்தன; ஆனால் அவற்றின் சுழற்சி தடைப்பட்டது. சிங்கப்பூரில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் புதிய முகவர்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் முறை நலிந்ததும், உள்ளவர் அங்கேயே நிலைத்தனர். நிலைத்தவர் குடும்பத்தை வரவழைத்தனர். மனைவி வந்தபின் கிட்டங்கி உறைவிடமாக நீடிக்க இயலாது. முதலில் உறக்கம் வெளியேறியது, அடுத்து உணவு. தொழில் மட்டும் சிலகாலம் அங்கே எஞ்சியது. 1970களின் இறுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. எஞ்சியோருள் சிலர் டேங்க் சாலைக்கு, கோயிலின் அருகாமைக்குப் பெயர்ந்தனர். கட்டடம் இடிந்ததால் கிட்டங்கி வாழ்வு முடிந்தது என்று சொல்லப்படுவதுண்டு. குடும்பம் வந்தபோதே அது முடிந்துவிட்டது என்பதே காலவரிசைக்கு ஒத்தது.

இவ்வரலாற்றை மேலும் துலக்க வேண்டுமாயின், ஐந்தொகைகளினும் சமையற் கணக்குகளே உதவும்: எத்தனை பேர் உண்டனர், விருந்தாளி வந்தபோது யார் பங்கில் எழுதினர், நோயுற்றவனுக்குக் கஞ்சி யார் செலவு என்பன அவற்றில்தான் இருக்கக்கூடும். இன்று காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் மரச்சாமான்கள் விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டியை வாங்கிச் செல்வோர் அதன் உள்ளிருந்த தாள்களைக் கேட்பதில்லை. வளவுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களில் அத்தகைய ஏடுகளைத் தேடுவது காலந்தாழ்த்தாது செய்யத்தக்க களப்பணி.