ஆறாவது மாடிக்கு ஏறிய பின்கட்டு

பாரிஸின் 16-ஆம் வட்டாரத்தில் புதுப்பித்த அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்தால், விளம்பரத்தில் மூன்று சொற்கள் சேர்ந்தே வரும்: பார்க்கே, முலூர், ஷெமினே. மீன்முள் போலக் கோத்த ஓக் மரத் தரை, கூரையோரத்துச் சுதை வேலைப்பாடு, பளிங்கு வைத்த கணப்படுப்பு. அங்கத்திய வீட்டுத் தரகர்கள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பாடம் இது. பழைய அழகு மீட்கப்பட்டிருக்கிறது என்ற உறுதிமொழியும் கூடவே இருக்கும். அந்த 'மீட்பு' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வீடு முன்கட்டும் பின்கட்டுமாகவே பிறந்தது. புதுப்பிக்கிறவர்கள் முன்கட்டுக்கு மெழுகு பூசிக் காப்பாற்றிவிட்டுப் பின்கட்டை இடித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நல்ல வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் அப்படியொரு வீடு அந்தக் காலத்துப் பாரிஸில் இருந்ததில்லை.

ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை அந்நகரத்தின் ஆட்சியராக இருந்து, நெரிசலான தெருக்களை உடைத்து அகலச் சாலைகளைப் போட்டார். 20 மீட்டர் அகலமுள்ள தெருவில் கட்டடத்தின் முகப்பு 20 மீட்டர் வரை எழும்பலாம் என்று 1859-இல் ஆணை வந்தது. மறு வருடமே பாஸி, ஓத்தேய் போன்ற ஊர்கள் நகரத்தோடு சேர்க்கப்பட்டன. இன்றைய 16-ஆம் வட்டாரம் அப்படி உருவானதே. அந்தச் சாலைகளில் எழுந்த மாளிகை போன்ற கட்டடங்களில் பெரும்பாலானவை வாடகை வருமானத்துக்காகக் கட்டப்பட்டவை. கட்டடம் முழுதும் ஒருவருக்குச் சொந்தம். குடியிருந்தவர்கள், எவ்வளவு பெரிய பணக்காரரானாலும், வாடகைதாரர்கள். மின்தூக்கி இல்லாத காலம் என்பதால் ஏற ஏற வாடகை இறங்கியது. பெர்த்தால் என்ற ஓவியர் 1845-இல் வெளியிட்ட புகழ்பெற்ற படம் ஒரு பாரிஸ் வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறது: தரைமட்டத்தில் வாயிற்காப்பாளர், முதல் மாடியில் செல்வந்தத் தம்பதி, கூரைக்கடியில் பஞ்சைகள். ஒரே படிக்கட்டில் எல்லாரும் ஏறி இறங்கிய வீடு அது. ஓஸ்மான் காலத்துக் கட்டடம் அந்தக் கலப்பைக் கலைத்தது. கூரைக்கடியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பெல்வீல் போன்ற விளிம்புகளுக்கு நகர, அவர்கள் இருந்த உயரத்துக்குக் கீழ்வீடுகளின் வேலைக்காரப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்கென்று தனிப் படிக்கட்டும் வந்தது. முன்படிக்கட்டில் கம்பளம் விரித்து, அது நழுவாமலிருக்கப் படிக்குப் படி பித்தளைக் கம்பி மாட்டியிருப்பார்கள். பின்படிக்கட்டு குறுகலானது, சுற்றிச் சுற்றி ஏறுவது, அடுப்படியின் கதவில் நேராக வந்து முட்டுவது. நிலக்கரி மேலே போனதும் குப்பை கீழே வந்ததும் அந்த வழியாகத்தான். அடுப்படியோ நீண்ட நடையின் கடைக்கோடியில், கிணறு போன்ற உள்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். வரவேற்பறைக்குத் தாளிப்பு வாசமும் எட்டாது, பாத்திரச் சத்தமும் எட்டாது. நம்மூரில் பின்கட்டு தரையோடு தரையாக, வீட்டின் பின்னால் நீளும். பாரிஸில் அதன் பாதி மாடியேறிவிட்டது. ஆறாவது மாடியில், துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையின் சரிவுக்குள், வரிசையாகப் பொந்து போன்ற அறைகள். ஒரு கட்டில், ஒரு சாளரம்; நடையின் ஓரத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். கோடையில் அந்தத் தகடு கொதிக்கும், குளிரில் உறையும். பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வந்த பெண்களும், 1960-களில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வந்த பெண்களும் இந்த அறைகளில் காலம் தள்ளினார்கள். எமில் ஸோலா 1882-இல் வெளியிட்ட 'போ-பூய்' நாவலே இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தைப் பற்றியது: பளபளக்கும் முன்படிக்கட்டு ஒரு பக்கம், சன்னலுக்குச் சன்னல் வேலைக்காரிகள் வீட்டு ரகசியங்களைக் கூவிப் பேசும் உள்முற்றம் மறுபக்கம். கட்டடம் புதிதாக நின்றபோதே அதன் இரண்டு முகங்களையும் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று. இந்த வீடு 'விலைக்கு' வருவதே பிற்காலத்து வழக்கம். 1720-இல் ரென் நகரம் தீப்பிடித்து எரிந்தபின் அங்கே மாடிக்கு ஒருவராகச் சேர்ந்து கட்டிக்கொண்டது உண்டு. பாரிஸில் அந்த வழக்கம் வேர்விடவில்லை. 1914-இல் போர் வந்து வாடகை முடக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரை கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது. வருமானம் வற்றிய உரிமையாளர்கள் கட்டடத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். 1938, 1965 ஆகிய ஆண்டுகளின் கூட்டுடைமைச் சட்டங்கள் அதற்கு ஒழுங்கு தந்தன. மின்தூக்கி வந்ததும் மாடிகளின் மதிப்பு தலைகீழானது: வெளிச்சமும் கூரைகளின் காட்சியும் உள்ள உச்சி மாடிக்குக் கிராக்கி. இரண்டு மூன்று வேலைக்காரி அறைகளை வாங்கிச் சுவரைத் தட்டிவிட்டால் ஒரு குடியிருப்பு. 1996-ஆம் ஆண்டின் கரே சட்டப்படி விற்பனையில் பரப்பளவைச் சொல்லியாக வேண்டும், அதில் 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இடம் சேராது. அந்தப் பெண்கள் குனிந்து தூங்கிய சரிவுக்கு விலைக்கணக்கில் மதிப்பில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானதும்கூட. வேலைக்காரியை மாடியில் தங்கவைக்கும் வழக்கமே போனபின் இருட்டு அடுப்படியைக் கட்டிக்கொண்டு யார் அழுவது? சமைக்கிறவர் வெளிச்சத்துக்கு வந்து, குடும்பத்தோடு பேசிக்கொண்டே சமைப்பது முன்னேற்றம்தானே? முன்னேற்றம்தான். அடுப்படியைப் பிரித்து வைத்த சுவர் இடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகமாக்கச் சொல்வதும் என் நோக்கமில்லை. மாற்றிவிட்டோம் என்று சொல்லி விற்றால் பேச்சே இல்லை. மீட்டுவிட்டோம் என்று சொல்லி, அந்தப் பழமைக்கென்றே கூடுதல் விலை வாங்கும்போது, எந்தப் பழமை என்று கேட்க வேண்டியிருக்கிறது. பின்கட்டில் காப்பாற்ற என்ன கலை இருக்கிறது, வெறும் சுண்ணாம்புச் சுவர்தானே என்பார்கள். அந்த வெறுமைதான் சான்று. செதுக்கிய கல் தெருமுகப்போடு நின்றுபோனது. உள்முற்றத்துச் சுவருக்கு மலிவான பூச்சு போதும் என்று கட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள். சுதைப் பூவை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரியாமலே போகும்.

மாடியில் மிஞ்சிய அறைகளில் இன்று மாணவர்களும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் குடியிருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு ஆணைப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் முதன்மை அறைக்கு 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும் வேண்டும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவாவது வேண்டும். அதை எட்டாத அறைகள் ஏராளம். கீழே, புதுப்பித்த வீட்டில், பின்படிக்கட்டுக்குத் திறந்த கதவைச் சுவரோடு சுவராகப் பூசியிருப்பார்கள். அதற்கு முன்னால் இப்போது குளிர்பதனப் பெட்டி நிற்கும். கிரயப் பத்திரத்தில் மட்டும் வீட்டுக்கு ஓர் எண், நிலவறைக்கு ஓர் எண் என்று போய், ஆறாவது மாடி அறைக்கும் தனியாக ஓர் எண் இருக்கும்.