தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தல்

கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்னும் மூன்று அடுக்குகளுக்கும் மக்கள் தங்கள் பிரதிநிதிகளை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதே தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சித் தேர்தல். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. புதிய சட்டத்தின்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. இத்தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் இதற்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கான நகர்ப்புறத் தேர்தலும் இதே ஆணையத்தின் பொறுப்புதான். ஆனால் அதன் முறை வேறு என்பதால் இக்கட்டுரை ஊரகத்தோடு நிற்கிறது.

நான்கு வாக்குகள்

சட்டமன்றத் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், கிராம ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய நால்வரையும் அவர் ஒரே நாளில், ஒரே சாவடியில் தேர்ந்தெடுக்கிறார். ஊரார் பேச்சில் இவர்கள் முறையே மெம்பர், பிரசிடெண்ட், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர்.

2019, 2021 தேர்தல்களில் மின்னணு இயந்திரம் இல்லை. வாக்குச்சீட்டும் பெட்டியும்தான். சீட்டுகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். இரண்டு வார்டுக்காரர்கள் ஒரே சாவடியில் வாக்களித்த இடங்களில் ஒரு வார்டுக்கு வெள்ளையும் மற்றதற்கு நீலமும் தரப்பட்டன. வாக்கு எண்ணும் இடத்தில் முதல் வேலையே இவற்றை நிறவாரியாகப் பிரித்துக் கட்டுவதுதான். முடிவுகள் வெளிவர நெடுநேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீட்டில் முத்திரை குத்தும்போது கவனம் வேண்டும். இரண்டு சின்னங்களுக்கு நடுவே, யாருக்கு என்று தெளிவில்லாமல் குத்தினால் அந்த வாக்கு செல்லாது. ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் குத்தினாலும், பெயரையோ கையெழுத்தையோ எழுதி அடையாளம் காட்டினாலும் செல்லாது. மை காய்வதற்குள் தவறாக மடித்தால் எதிர்ப்பக்கச் சின்னத்தில் முத்திரை பதிந்துவிடும். முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிப்பது பாதுகாப்பு. ஒரு சீட்டு செல்லாமல் போனாலும் மற்ற மூன்றும் செல்லும். சில நூறு பேர் வாக்களிக்கும் வார்டில் ஒற்றை இலக்க வாக்குகளில் வெற்றி தோல்வி அமைவது வழக்கமான செய்தி. வாக்குகள் சமமானால் குலுக்கல்தான் தீர்வு.

வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தல்கள் கட்சி சாராதவை. கட்சிச் சின்னம் அங்கே கிடையாது; பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னங்களில் ஒன்று ஒதுக்கப்படும். ஒன்றியம், மாவட்டம் இரண்டிலும் கட்சிச் சின்னங்கள் உண்டு. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வென்ற கவுன்சிலர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்வு செய்கிறார்கள்.

நான்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டு. இது பெரும் பிழை. ஊராட்சியின் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பது நெடுங்கால நடைமுறை. துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் குடிநீர் மோட்டார் பழுதுபார்ப்பதுகூட நின்றுபோகும். தலித் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் செயல்படவிடாமல் முடக்க நினைத்தவர்கள் பல ஊர்களில் பிடித்த வழி இதுதான். நல்ல தலைவருக்கு வாக்களித்துவிட்டு வார்டு உறுப்பினரைக் கண்டுகொள்ளாமல் விடுபவர், அந்தத் தலைவரின் கையை அவரே கட்டிவிடுகிறார்.

பட்டியலில் பெயர்

18 வயது நிறைந்தவராக இருந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் வாக்களிக்கலாம். உள்ளாட்சிக்கென்று தனியாகக் கணக்கெடுப்பு நடப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து ஊராட்சி வார்டுவாரியாகப் பிரிப்பதே வழக்கம். எனவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு இங்கும் வாக்கு இருக்காது. பிரிக்கும்போது ஒரே தெருவின் ஒரு பக்கம் வேறு வார்டுக்குப் போய்விடுவதுண்டு. ஆகவே பெயர் இருக்கிறதா என்பதோடு, எந்த வார்டில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்டியிடுதல்

21 வயது நிறைந்த, அந்த உள்ளாட்சியின் பட்டியலில் பெயருள்ள எவரும் நிற்கலாம். அரசு ஊழியர்கள் நிற்க முடியாது. 2019 தேர்தலில் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600 ரூபாய், மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவு உச்சவரம்பு முறையே 9,000, 34,000, 85,000, 1,70,000 ரூபாய். தோற்றவரும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்து நிற்கும் தகுதியை இழக்க நேரும்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்களும் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கான ஒதுக்கீடு முதலில் மூன்றில் ஒரு பங்காக இருந்து 2016இல் 50 விழுக்காடாக உயர்ந்தது.

ஏலமும் தடையும்

தலைவர் பதவியை ஏலம் விடும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொது நிதிக்கோ அதிகப் பணம் தருபவர் ஒருவர் மட்டும் மனு தாக்கல் செய்ய, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊர் ஒற்றுமை என்று இதற்குப் பெயர் சூட்டினாலும் இது வாக்குரிமையை விற்பதுதான், சட்டப்படி குற்றமும்கூட. போட்டியின்றித் தேர்வானவை எல்லாம் ஏலம் அல்ல. 2019 தேர்தலில் 27 மாவட்டங்களின் 76,746 வார்டு உறுப்பினர் இடங்களில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை போட்டியின்றியே நிரம்பின. பல இடங்களில் ஒருவரைத் தவிர நிற்க வேறு ஆள் இல்லை என்பதே காரணம்.

ஒதுக்கீட்டை ஏற்க மறுத்த வன்முறை இத்தேர்தல் வரலாற்றின் மிக இருண்ட பகுதி. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அப்பதவிக்கு வென்ற முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் இதேபோல ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி பத்தாண்டுகள் இயங்கவே இல்லை. யாரும் மனு தாக்கல் செய்ய முடியாத நிலை இருந்தது. தேர்வானவர்களும் பதவி விலக வைக்கப்பட்டனர். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

தள்ளிப்போன தேர்தல்கள்

பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. தமிழ்நாடு இதைக் காப்பாற்றவில்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, அரசு நியமித்த அதிகாரிகளான தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளிலும், மாவட்ட மறுசீரமைப்பால் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது. 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். வார்டு எல்லை, ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லப்படுகிறது. ஐந்தாண்டு முன்கூட்டியே தெரிந்த ஒரு தேதிக்கு இவை எதுவும் ஏற்கத்தக்க காரணம் அல்ல.

வாக்குக்குப் பின்

முடிவில் முறைகேடு இருப்பதாகக் கருதுபவர் 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம்.

வாக்காளருக்கு இன்னொரு அவையும் உண்டு. ஊராட்சிப் பட்டியலில் பெயருள்ள எல்லாருமே கிராம சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அங்கே எழுந்து கேட்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் இந்த உரிமை போவதில்லை. தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திராமல், பட்டியலில் உங்கள் பெயரையும் வார்டையும் இப்போதே சரிபாருங்கள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.