கன்டோன்மென்ட் குசினியின் தக்காளியும் பப்பாளிக்காயும்

பெங்களூர் கன்டோன்மென்டின் பழைய சமையலைப் பற்றிப் பேச்சு வந்தால், ஸ்டேக்கும் அதன் பக்கத்தில் வாட்டிவைத்த தக்காளியும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த உணவு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. விதையும் ஸ்டேக் என்ற பெயரும் அவர்களுடையவை. விளைவித்ததும், இந்த ஊரின் வெயிலுக்கும் இறைச்சிக்கும் ஏற்ப அதைப் பக்குவப்படுத்தியதும் இங்கிருந்த தோட்டக்காரர்களும் குசினிக்காரர்களும்தான். 1809-இல் கன்டோன்மென்ட் உருவானபோது மதராஸ் படையைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்களும் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறின. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்றவர்களில் பலர் அவர்களே.

முதலில் தக்காளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பயிர்களைத் தொகுத்து எழுதிய ஜார்ஜ் வாட், தக்காளி அப்போதும் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். நம் குழம்புக்குப் புளி போதுமானதாக இருந்த காலம் அது. அப்படியானால் வாங்குபவர் சிலரே உள்ள ஒரு காயைப் பொறுப்பெடுத்து வளர்க்கப் பழகிய கை வேண்டும். பெங்களூரில் அந்தக் கை ஏற்கெனவே இருந்தது. கரகத் திருவிழாவை இன்றும் நடத்திவரும் திகளர் சமூகத்தார், தமிழ் கலந்த பேச்சுடையவர்கள், ஏரிப் பாசனத்தில் காய்கறியும் பூவும் விளைவிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தார்கள். இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் சம்பங்கி ஏரியை ஒட்டியும் அவர்களின் தோட்டங்கள் இருந்தன. 1874 முதல் லால்பாக் தாவரத் தோட்டத்தைக் கவனித்த ஜான் கேமரூன் போன்றவர்கள் புதிய செடிகளைத் தருவித்தார்கள். அவை சந்தைச் சரக்காக மாறுவதற்கு இத்தகைய தோட்டங்கள் தேவைப்பட்டன.

அடுத்து இறைச்சி. இங்கிலாந்தில் மாட்டிறைச்சியைக் குளிர்ந்த அறையில் பல நாள் தொங்கவிட்டால் அது தானாகவே மென்மையாகும். குளிர்பெட்டி வராத காலத்துப் பெங்களூரில் அது நடக்காது. இதமான ஊர்தான் என்றாலும் அன்று அறுத்ததை அன்றே சமைத்தாக வேண்டும். ஏர் உழுதும் வண்டி இழுத்தும் மூத்த மாட்டின் கறியோ நார் நாராக இருக்கும். இதற்கு இந்தியச் சமையலறைகள் கண்ட வழி, பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊறவைப்பது. காயின் பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். அடுப்பின் சூடு ஏறும்போது இன்னும் வேகமாக வேலை செய்து, சூடு மிகும்போது செயலற்றுப் போகும். அளவு மீறினால் கறி கூழாகிவிடும். காடியோ தக்காளிச் சாறோ புரதத்தை இப்படிச் சிதைக்காது என்பதால் அவை இதற்கு ஈடாகா. எவ்வளவு தடவ வேண்டும், எத்தனை நேரம் விட வேண்டும் என்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும்.

இந்தக் குசினிக்காரர்கள் எசமானர் சொன்னதைச் செய்த வேலைக்காரர்கள்தானே என்று கேட்கலாம். 1878-இல் மதராஸில் சமையல் நூல் வெளியிட்ட கர்னல் கென்னி-ஹெர்பர்ட் இதற்கு மறைமுகமாகப் பதில் தருகிறார். 'ராமசாமி' என்று பொதுப்பெயர் சூட்டிய சமையற்காரரைத் திருத்துவதற்கே அவர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. சொன்னபடியே நடப்பவரைத் திருத்த ஒரு நூல் தேவைப்படாது. தக்காளி இங்கே விளைந்ததற்குத் தட்பவெப்பம்தான் காரணம் என்பது இன்னொரு வாதம். பெங்களூரின் சுமார் 900 மீட்டர் உயரம் உதவியது உண்மை. ஆனால் உயரம் நாற்று விடாது, களை எடுக்காது. அந்தத் தோட்டப் பழக்கம் வளர்ந்த ஊரிலிருந்துதான் 1973-இல் இந்தோ-அமெரிக்கன் விதை நிறுவனம் 'கர்நாடகா' என்ற கலப்பினத் தக்காளியை வெளியிட்டது. தமிழ்நாட்டுச் சந்தையில் நாட்டுத் தக்காளிக்குப் பக்கத்திலேயே பெங்களூர்த் தக்காளி என்று தனியாக ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம்.

ஆகவே கன்டோன்மென்ட் சமையலை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மிச்சம் என்று எழுதுவது தவறு. கேமரூனுக்கும் கென்னி-ஹெர்பர்ட்டுக்கும் நூல்களில் பெயர் உண்டு. ஏரிக்கரைத் தோட்டக்காரருக்கும் குசினித் தமிழருக்கும் இல்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் பெங்களூரில் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது.