ஆமு தரியாப் படுகையில் பருத்தியும் பாசனமும்

மத்திய ஆசியாவின் பாலை நிலங்களைக் கடந்து ஆரல் கடலை நோக்கி ஓடிய ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் சமவெளிகளில் மழை மிகச் சொற்பமாதலால், அங்கு உழவு தொடக்கமுதலே வாய்க்கால் பாசனத்தையே நம்பியிருந்தது. ஆமு தரியாவின் கீழ்ப்பகுதியிலுள்ள கோரெசம் வட்டாரத்தில் வாய்க்கால் நீர் வயல்மட்டத்துக்குக் கீழே ஓடியமையால், கால்நடைகளைப் பூட்டிச் சுழற்றும் 'சிகிர்' என்ற இறைவைச் சக்கரத்தால் உழவர் அதனை மேலேற்ற வேண்டியிருந்தது. அந்த உழைப்பே வீணடிப்புக்குத் தடையாக நின்றது எனலாம். பங்கீட்டை 'மிராப்' எனப்பட்ட நீர் மேலாளர் கவனித்தார்.

1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரால் ரஷ்ய ஆலைகளுக்குப் பஞ்சுவரத்து குன்றியபோது, ரஷ்யப் பேரரசின் பார்வை இவ்வாறுகளின் படுகைமீது அழுத்தமாகப் பதிந்தது. 1865இல் தாஷ்கண்ட் நகரம் அப்பேரரசின் வசமானது. பருத்தியில் தன்னிறைவு என்ற குறிக்கோளைப் பின்னர் வந்த சோவியத் அரசு இன்னும் தீவிரமாகப் பற்றிக்கொண்டது. ஆமு தரியாவின் நீரைத் திருப்ப 1954இல் தொடங்கப்பட்ட காரகும் கால்வாய், கரையும் அடியும் பூசப்படாமல் மணலில் வெட்டப்பட்டதால், பெருமளவு நீரைக் கசிவில் இழந்தது. கூட்டுப்பண்ணைகளுக்கு நீர் விலையின்றிக் கிடைத்தது. விளைச்சல் இலக்கோ மேலிடத்தில் விதிக்கப்பட்டது. வடிகால் குறைவால் நிலத்தடி நீர் உயர்ந்து மண்ணில் உப்புப் படிய, அதைக் கழுவி அகற்றவே குளிர்காலத்தில் மேலும் நீர் பாய்ச்ச நேர்ந்தது. ஆக, நீர்ச்செலவைப் பெருக்கியது பயிரின் தேவை மட்டுமன்று, ஆட்சியின் திட்டமும்தான்.

1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பிருந்த ஆரல் கடல், இந்நீர்ச்செலவால் ஆற்றுவரத்து குன்றிச் சுருங்கி, 1980களின் இறுதியில் இரண்டாகப் பிரிந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரும், 1992இல் மத்திய ஆசியாவின் ஐந்து புதிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை பழைய நீர்ப்பங்குகளையே பெரும்பாலும் நிலைநிறுத்தியது.