வான்குடை சிறகான வரலாறு

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயரே சில வேளைகளில் சொல்லிவிடும். பாராகிளைடிங் என்னும் வான்விளையாட்டை அவ்வழியே அணுகுவோம்.

பாராசூட்டைத் தமிழில் வான்குடை என்கிறோம். வீழ்ச்சியின் வேகத்தைத் தணிப்பதே அதன் பணி. 1960-களில் அமெரிக்காவில் டோமினா ஜால்பெர்ட் துணியை அறையறையாகத் தைத்தார். முன்விளிம்பின் வழியே புகுந்த காற்று அவ்வறைகளை நிரப்ப, துணி சிறகின் வடிவம் பெற்றது. வீழ்வதை விடுத்துச் சறுக்கி முன்சென்றது.

1978-இல் பிரான்சின் மியூசி என்னும் மலையூரில், விமானச் செலவின்றிப் பழக விரும்பிய பாராசூட் வீரர் மூவர், மலைச்சரிவில் ஓடியே வானில் மிதந்தனர். ஆகவே பிரெஞ்சியர் 'சரிவு' எனப் பொருள்படும் 'பாந்த்' என்னும் சொல்லைச் சேர்த்துப் 'பாராபாந்த்' என்றனர். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றைப் பற்றி மேலேறவும் வீரர் பின்னர்ப் பழகினர். 1989-இல் ஆஸ்திரியாவின் கோசனில் முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடந்தது. 2018-இல் ஆசிய விளையாட்டிலும் இஃது இடம்பெற்றது.

அப்போட்டிகளை நடத்திய இந்தோனேசியர் இதனைப் 'பாராலாயாங்' என்பர். பட்டத்தைக் குறிக்கும் 'லாயாங்-லாயாங்' என்னும் மலாய்ச் சொல்லைத் தெலுக் இந்தான் மாணவர் நன்கறிவர். ஆற்றோரச் சமவெளியாகிய நம்மூரில் ஓடிப் பறக்கச் சரிவில்லை. சிலாங்கூரின் ஜுக்ரா குன்றில் உண்டு.

பிரெஞ்சியர் சரிவைக் கண்டனர். இந்தோனேசியர் மிதத்தலைக் கண்டனர். நாம் வான்குடை என்பதையே நீட்டினால் இறங்குதல் மட்டுமே புலப்படும், ஏறுதல் மறையும். சிறகு என்னும் சொல் அமைந்த பெயரே பொருந்தும் என்பது நம் துணிபு. பொருளின் செயலறிந்து பெயரிடுதலே கலைச்சொல்லாக்கத்தின் முதற்படி.