புத்தளம், கற்பிட்டி, கரைத்தீவு: குறைந்த செலவில் ஒரு கரையோரப் பயணம்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குப் புத்தளம் பாதித் தூக்கத்தில் வந்துபோகிற ஊர். மன்னார், கொழும்பு பஸ்களும் அநேகமாக அதே வழிதான். தேத்தண்ணிக் கடையொன்றில் பதினைந்து நிமிடம் நிற்கும். இறங்கிக் கால் நீட்டிவிட்டு ஏறிவிடுவோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்துபோனேன். கடல் பார்க்க வேண்டுமென்றால் நிலாவெளி, பாசிக்குடா என்று கிழக்கே போவோம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் நீஸிலும் பார்சிலோனாவிலும் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

பெரிய காசில்லாமல், பஸ்ஸிலேயே பார்த்துவிடக்கூடிய கரை இது. மொழிப் பிரச்சினையும் அதிகமில்லை. புத்தளம் நகரிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் பெரும்பகுதியிலும் தமிழிலேயே காரியம் முடியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காரைதீவு என்றதும் பலருக்கு சுவாமி விபுலாநந்தர் பிறந்த அம்பாறை மாவட்டத்து ஊர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்பு அதே பெயர்தான். இங்கே சொல்வது வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், புத்தளம் களப்பின் கிழக்குப் பக்கத்திலுள்ள கரைத்தீவு. போதாக்குறைக்கு, கற்பிட்டிக்கு வடக்கே கடலில் ஏறக்குறைய இதே பெயரில் ஒரு மணல்தீவும் உண்டு. பஸ்ஸில் ஏறும்போது "எலுவன்குளம் பக்கம் உள்ள கரைத்தீவு" என்று கேட்டால் குழப்பம் வராது.

போகும் வழி

வடக்கிலிருந்து வருகிறவர்கள் கொழும்பு பஸ்ஸில் ஏறிப் புத்தளத்தில் இறங்கலாம். நீண்டதூர பஸ்களில் சிலவேளை முழுத் தூரத்துக்கும் காசு கேட்பார்கள். அநுராதபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து புத்தளத்துக்கு இன்னொன்று என்று பிரித்து ஏறினால் மிச்சம் பிடிக்கலாம். இடையில் சுமார் 75 கிலோமீற்றர்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலும் இருக்கிறது. நீர்கொழும்பு, சிலாபம் வழியாக மெதுவாக வரும். மூன்றாம் வகுப்புச் சீட்டு பஸ்ஸைவிட மலிவு. சேவைகள் குறைவு என்பதால் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் சிலாபத்தில் இறங்கினால் முன்னேஸ்வரம் பக்கத்தில்தான். ஆடி மாதமென்றால் உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலத்தைப் பொறுத்தவரை தை முதல் பங்குனி வரை நல்லது. வைகாசிக்குப் பிறகு தென்மேல் காற்றில் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. கலா ஓயா பெருகினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும், போக்குவரத்து நின்றுவிடும்.

புத்தளம் நகரில் அரை நாள் போதும். பின்னேரத்தில் களப்போரம் நடந்தால் சூரியன் தண்ணீரில் இறங்குவதைக் காசில்லாமல் பார்க்கலாம். மன்னாரைப் போலவே இங்கும் கழுதைகள் தெருவில் தம் பாட்டில் திரியும். மத்தியதரைக் கடலின் வாசலான தஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 1344இல் வந்திறங்கிய 'பத்தாலா' இந்தப் புத்தளம்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அப்போது அவரை இங்கே வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். செலவைக் குறைப்பதில் பதூதாவை மிஞ்ச நம்மால் முடியாது.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, மத்தியானச் சோற்றுப் பார்சலில் வயிறு நிறையும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடி அலைய நேரும்.

கற்பிட்டியும் ஆலங்குடாவும்

புத்தளத்திலிருந்து தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிப் பாதை. மொத்தம் 45 கிலோமீற்றர் அளவில் வரும். உப்பளங்கள், தென்னந்தோப்புகள், தண்ணீர் சுழன்று தெளிக்கும் மரக்கறித் தோட்டங்கள் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்திலேயே தெரியும். 900 மெகாவாற் உற்பத்திக்காகக் கட்டப்பட்டது. வழியில் தலவில புனித அன்னம்மாள் தேவாலயம். பங்குனியிலும் ஆவணியிலும் வரும் திருவிழாக்களுக்கு எல்லா இனத்தவரும் திரள்வார்கள், கூடாரமடித்துத் தங்குவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கடற்கரையில் ஆளே இருக்காது.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டிய கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் கேட்டு, அவர்கள் துணையோடுதான் உள்ளே போகலாம். சீருடையைக் கண்டாலே மனம் சுருங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். விருப்பமில்லாவிட்டால் வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்துப் பழைய ஒல்லாந்தர் தேவாலயத்தையும் மீன் இறங்குதுறையையும் சுற்றலாம். பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

உங்கள் காசைக் கரைக்கப் போவது டொல்பின் படகுதான். கார்த்திகை முதல் சித்திரை வரை டொல்பின்கள் கூட்டமாக வரும். படகுக்குத்தான் வாடகை என்பதால் தனியாகப் போனாலும் ஆறு பேர் போனாலும் தொகை ஏறத்தாழ ஒன்றே. முதல் நாள் மாலையே கடற்கரையில் விசாரித்து, வேறு ஆட்களோடு சேர்ந்து போங்கள். எரிபொருளும் சேர்த்துத்தானா என்பதை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஏறி, கரைக்கு வந்து வாக்குவாதப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

அந்தப் படகுகள் புறப்படும் இடங்களில் ஒன்று ஆலங்குடா. சுற்றுலா விளம்பரங்களில் கடற்கரை விடுதிகளின் பெயராக வரும் இதே ஆலங்குடாதான் வடக்கு முஸ்லிம்களின் அகதி முகாம்களின் பெயராகவும் பல வருடங்கள் இருந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் வந்து கற்பிட்டியில்தான் கரையேறினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம் கொடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே கடை வைத்திருக்கிறார்கள், ஓட்டோ ஓட்டுகிறார்கள், பாடசாலையில் படிப்பிக்கிறார்கள்.

வடக்கிலிருந்து போகிற தமிழர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் சிலர் தம் பழைய தெருவைச் சொல்வார்கள், பாடசாலையைச் சொல்வார்கள், அந்தப் பெரிய மரம் இன்னும் நிற்கிறதா என்று கேட்பார்கள். சிலர் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த நமக்கு எங்கள் இழப்பைச் சொல்லத்தான் முதலில் வாய் வரும். அதற்கு அவசரமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். முகாம்களாக இருந்து ஊர்களாகிப்போன இடங்களைப் படம் எடுத்துத் திரிவது வேண்டாம்.

களப்பின் மறுபக்கம்

வரைபடத்தில் கற்பிட்டிக்கு எதிரே களப்பின் மறுகரையில்தான் கரைத்தீவு. கிட்ட இருக்கிறதே என்று படகு பேசினால் வாடகை கட்டுபடியாகாது. புத்தளத்துக்குத் திரும்பி வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிப்பதுதான் வழி. பஸ்கள் அடிக்கடி இல்லை. காலையில் போய், திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் யானை நடமாடும் பகுதி, இருட்டில் நடக்கக் கூடாது.

கரைத்தீவில் பார்ப்பதற்கென்று கட்டடம் எதுவுமில்லை. களப்புத்தான் காட்சி. ஆழமில்லாத தண்ணீர், சேறு, நண்டு, மீன், வலை. விடுதியை எதிர்பார்க்காதீர்கள், புத்தளத்திலேயே தங்குங்கள். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். சற்று வடக்கே கலா ஓயா களப்பில் சேரும் கங்கேவாடியில் அடர்ந்த கண்டல் காடு இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்தால் அங்கே படகு பேசலாம். டொல்பினைவிட எனக்குப் பிடித்தது இந்தக் கண்டல்தான்.

இந்தப் பக்கத்து அருவக்காட்டின் பெயர் உங்களுக்குச் செய்திகளில் பழக்கம். சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் இடம். கொழும்பின் குப்பையை ரயிலில் கொண்டுவந்து கொட்டவும் இந்த இடம் தெரிவானது. புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். கொழும்பார் விடுமுறைக்குக் கற்பிட்டிக்கு வருவதும் அவர்களின் குப்பை அருவக்காட்டுக்கு வருவதும் ஒரே களப்பின் இரண்டு கரைகளுக்கு.

எலுவன்குளத்துக்கு அப்பால் வில்பத்து. போர்க்காலத்தில் பல வருடங்கள் மூடிக்கிடந்த காடு. அதற்குள்தான் பொன்பரிப்பு இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றை ஒத்த ஈமத்தாழிகள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. அல்லி அரசாணியின் கதையோடு சொல்லப்படும் குதிரைமலையும் இதே கரையில்தான். இரண்டையும் பார்க்க நுழைவுச் சீட்டும் ஜீப் வாடகையும் வேண்டும், கையில் குறைவாக இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள். பழைய மன்னார்ப் பாதை இந்தக் காட்டைக் கடந்துதான் முசலிக்குப் போகிறது. மறுமுனையில் 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்டு, கடற்படைத் தளம் அமைந்த முள்ளிக்குளம். பஸ்ஸை நம்பி மன்னாருக்குப் போகிறவர்கள் இந்தப் பாதையைக் கணக்கில் எடுக்காமல், புத்தளத்துக்கே திரும்பி அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

வடக்குக்குத் திரும்புகிறவர்கள் கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸைப் புத்தளத்தில் மறிக்கலாம். வெள்ளிக்கிழமை இரவுகளிலும் நீண்ட விடுமுறைகளுக்கு முன்னரும் இருக்கை கிடைக்காது. அந்த நாட்களில் பகலிலேயே அநுராதபுரத்துக்குப் போய் அங்கிருந்து ஏறுங்கள்.