முத்துக் குத்தகையும் கணினி உரிமமும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அரிப்பு என்னும் ஊர் இருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அங்கே சிதைந்து நிற்கிறது. அதன் தூண்களை வியப்பவர் பலர். யாருடைய உழைப்பைக் கண்காணிக்க அது எழுந்தது என்று கேட்பவர் சிலரே. வீட்டுக் கணினியைப் பற்றிப் பேசப் புகுந்த நாம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். ஆண்டவர்கள் மாறினார்கள், கடலடியிலுள்ள முத்துப்பார்கள் ஆள்பவர்க்கே சொந்தம் என்ற விதி மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கும் படகினருக்கும் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிகுதியை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. 1906இல் அரசாங்கம் பார்கள் முழுவதையும் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு, 20 ஆண்டுக் குத்தகையாக, ஒரு லண்டன் கம்பெனிக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. தவணை முடியுமுன்னரே கம்பெனி கலைந்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்களை அறிந்திருந்த மூழ்குவோரிடம் இந்த ஒப்பந்தம் பற்றி எவரும் கருத்துக் கேட்கவில்லை.

இன்று நம் மேசைமீதுள்ள கணினிக்கும் இத்தகைய குத்தகை முறை உண்டு. கருவிக்கு விலை கொடுத்தவர் நாம். அதை இயக்கும் விண்டோஸ் மென்பொருளோ நமக்கு விற்கப்படவில்லை. பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்பட்டது. அதன் உள்ளமைப்பைப் பார்க்கவோ, திருத்தவோ, அயலவருக்குப் படியெடுத்துக் கொடுக்கவோ நமக்கு உரிமை இல்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் இதனால் பழம்பொருளாகின்றன. போரினால் 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல்தான் திரும்பி ஓடிற்று. அப்படிப்பட்ட கரையில், ஓர் ஆசிரியர் குடும்பம் புதிய கணினி வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்வது எவ்வளவு பொறுப்பற்ற பேச்சு!

வேறு வழி உண்டா? உண்டு. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், ஆராயவும், பகிரவும், திருத்தவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம் அக்கொள்கைக்குச் சட்ட வடிவம் தந்தது: திருத்தியதை வெளியிடுபவர் அதே உரிமைகளைப் பிறர்க்கும் அளித்தாக வேண்டும். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டு, மறு ஆண்டே அதை இந்த உரிமத்தின்கீழ் வைத்தார்.

கருநிரல் மட்டும் வீட்டுக்குப் பயன்படாது. அதனோடு எழுதும் கருவி, இணைய உலாவி, எழுத்துருக்கள் முதலியவற்றைச் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். அந்தக் கட்டே ‘வழங்கல்’ எனப்படுகிறது. 1993இல் தோன்றிய டெபியன், தன் தலைவரை உறுப்பினர் வாக்கினால் தேர்ந்தெடுக்கும் தொண்டர் அமைப்பாக வளர்ந்தது. அதன்மீது 2004இல் உபுண்டுவும், உபுண்டுவின்மீது 2006இல் லினக்ஸ் மின்டும் எழுந்தன.

நம் நாடும் இதில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். அது பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. அதன் பின்னே ஆசிரியர் இயக்கத்தின் குரலும் இருந்தது. தமிழில் 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இத்துறையை எளிய நடையில் எழுதிவருகிறது.

இனி, எந்த வழங்கலைத் தெரிவது? பெயரைக் கேட்டு மயங்காமல் கருவியின் வலுவைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு பொருந்தும். அதனினும் மெலிந்ததற்கு லுபுண்டு அல்லது இலகுவான முகப்புடன் டெபியன் ஏற்றது. 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கருவிக்கு டெபியனின் 12ஆம் பதிப்பை நாடலாம். 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவி இல்லை.

கோப்பு ஏறக்குறைய 3 ஜி.பி. இருக்கும், கைபேசி டேட்டாவை நம்பியிருப்பவர்க்கு இது சிறு செலவன்று. ஆனால் ஒருவர் இறக்கினால் ஊருக்கே போதும். பென்டிரைவில் கைமாற்றிக்கொள்வது இங்கே திருட்டு ஆகாது. உரிமமே அதை அனுமதிக்கிறது. முதலில் படங்கள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பின்னர் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கினால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று கண்டறிந்த பிறகே நிறுவலில் இறங்குவது நல்லது. ‘வட்டு முழுவதையும் அழி’ என்ற தெரிவு சொன்னபடியே செய்துவிடும். விண்டோஸும் வேண்டுமென்போர் அதன் பக்கத்தில் நிறுவும் தெரிவைக் கொள்ள வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் பாதியில் கெடும். மடிக்கணினியாயின் மின்கலத்தை நிரப்பிவிட்டுத் தொடங்குக.

நிறுவியபின் ஐபஸ், எம்17என் ஆகிய துணைக்கருவிகளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும், இலங்கைத் தட்டச்சாளர் கைகளுக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

குறைகளை மறைப்பது நம் வழக்கமன்று. சில அச்சுப்பொறிகள் பிடிவாதம் செய்யும். அலுவலகங்கள் கேட்கும் சில மென்பொருள்கள் ஓடமாட்டா. தமிழாக்கம் பல இடங்களில் அரைகுறையாக நிற்கிறது. லினக்ஸ் உலகில் பெருமுதலாளிகள் இல்லை என்பதும் பொய். 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பொதுவில் விளைந்ததைக் கொண்டு தனியார் இலாபம் ஈட்டுகின்றனர். எனினும், பொது உரிமத்தின்கீழ் ஒருமுறை நம் கைக்கு வந்த மூலநிரலை எந்தக் கம்பெனியும் திரும்பப் பறிக்க முடியாது. முத்துப்பாரில் மூழ்கியவர்க்கு அத்தகைய காப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் பழுதென்று ஒதுக்கிய கணினி ஒன்றை மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உயிர்ப்பிக்கட்டும். பிழைபட்ட தமிழாக்கத்தைக் கண்டால் திருத்தி அனுப்பட்டும். கற்றவர் அடுத்த ஊருக்குச் சென்று கற்பிக்கட்டும். வன்னிக் கரையில் அந்த வேலையைத் தொடங்க ஒரு பென்டிரைவும் ஒரு பிற்பகலும் போதுமானவை.